சோம்பலா, பிடிவாதமா?

கேள்வி: ஏற்காட்டில் நாலு ஏக்கர் அராபிகா காபித் தோட்டம் வாங்கியிருக்கிறேன். பழைய முதலாளி காலத்து ஆளாக, மலைக்காரப் பெரியவர் ஒருவர் தொடர்ந்து வேலை பார்க்கிறார். பழம் பறிக்கும்போது மற்றவர்கள் பறிப்பதில் பாதிதான் பறிக்கிறார். பறிப்பு முடிந்த பிறகு செடித் தண்டைத் தேங்காய் மட்டையால் தேய்த்துக்கொண்டே இருக்கிறார். நிழல் மரங்களை வெட்டச் சொன்னால் தலையாட்டுகிறார், வெட்டுவதில்லை. காரணம் கேட்டால் வாய் திறப்பதில்லை. இது சோம்பலா, பிடிவாதமா? ஆளைக் கணிப்பது எப்படி?
- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: அவருக்குத் தொழில் தெரிந்திருக்கலாம் என்பது உங்களுக்குத் தோன்றவே இல்லையே! கோளாறு அங்கேதான் தொடங்குகிறது.

அராபிகாவுக்கு எமன் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் என்ற வண்டு. ஏப்ரல், மே மாதங்களிலும் பிறகு அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலும் அது பறக்கும். தண்டில் உரிந்து நிற்கும் பட்டை இடுக்கில் முட்டையிடும். புழு உள்ளே குடைந்து போகும். முட்டையிட இடுக்கே இல்லாதபடி பட்டையை வழவழப்பாக்கத்தான் மட்டையால் தேய்ப்பது. இந்த வண்டுக்கு வெயில் வேண்டும். நிழல் குறைந்த இடத்தில்தான் தாக்குதல் அதிகம். உங்கள் நிழல் மரங்கள் இன்னும் நிற்பதற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

பாதிதான் பறிக்கிறார் என்கிறீர்கள். எதில் பாதி? அடுத்த பறிப்பில் ஒவ்வொருவர் கூடையிலிருந்தும் ஒரு கிலோ எடுத்துத் தார்பாயில் கொட்டுங்கள். பச்சை, அரைப்பழம், பழம் என்று பிரித்துத் தனித்தனியாக நிறுங்கள். நல்ல பழத்தை விரலால் பிதுக்கினால் கொட்டை வழுக்கிக்கொண்டு வெளியே வரும். பச்சைக்காய், பழத்தோலை உரிக்கும் பல்ப்பர் இயந்திரத்தில் சரியாகத் தோல் கழலாது, கொட்டையும் வெட்டுப்படும், காபியில் துவர்ப்பு ஏறும். கொப்போடு உருவினால் கூடை சீக்கிரம் நிறையத்தான் செய்யும். ஆனால் அடுத்த சுற்றில் பழுக்க வேண்டியதும் அதோடு போய்விடும்.

அதற்காக வயதையும் மௌனத்தையும் பார்த்துக் கும்பிடவும் வேண்டாம். மட்டையை விட்டுக் கத்தியால் சுரண்டினால் தவறு, தண்டு காயப்படும். புழு விழுந்த செடியைப் பிடுங்கி எரிக்காமல் விறகாக அடுக்கி வைத்தால் அதைவிடத் தவறு, உள்ளே இருப்பது வண்டாகி வெளியே வரும். தேய்த்த தண்டுக்கு, 200 லிட்டர் தண்ணீரில் 20 கிலோ சுண்ணாம்பு கரைத்து அடிக்கிறாரா என்றும் பாருங்கள். ஒன்றை நன்றாக அறிந்தவர் இன்னொன்றை அறியாமல் இருப்பார். ஆளுக்கு மொத்தமாக மார்க் போடாமல், வேலைக்கு வேலை தனித்தனியாகப் பாருங்கள்.

கூலிக்கு வருகிறவர் முதலாளியிடம் தலையாட்டினால் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. எதிர்த்துச் சொன்னால் நாளைக்கு வேலை இருக்குமா என்ற பயம் அதில் உண்டு. "ஏன் வெட்டலை?" என்று கேட்டால் யாரும் வாயை மூடிக்கொள்ளத்தான் செய்வார்கள். காலையில் அவரோடு ஒரு வரிசை நடங்கள். இலை மஞ்சளாகி வாடிய செடியைக் காட்டி, "இதுக்கு என்னங்க ஆச்சு?" என்று கேளுங்கள். அவர் பேசாமலே தண்டைத் தடவி, பட்டை மேடிட்டிருக்கும் இடத்தைக் காட்டக்கூடும். அங்கே பிளந்து பாருங்கள். புழுவோ அது குடைந்த வழியோ தெரிந்தால் அவர் காட்டியது சரி. இல்லையென்றால் அதையும் அவரிடமே மரியாதையாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. பறிப்புக் கூலியைக் கிலோ கணக்கில் கொடுக்கிறீர்களா? அப்படியானால் மற்றவர்களை உருவ வைப்பது நீங்கள்தான், பழுத்ததை மட்டும் பறிப்பவருக்குக் கூலி குறைவதும் அதனால்தான். நாள் கூலிக்கு மாறுங்கள், இல்லையென்றால் பச்சை கலக்காத கூடைக்குக் கூடுதல் விலை வையுங்கள். நிழல் மரத்தை இந்த வருஷம் வெட்ட வேண்டாம். மிக அடர்ந்த இடத்தில் கிளை கழித்தால் போதும். எந்தக் கிளை என்று அவரையே கேளுங்கள்.