கெயினைக் குறையுங்கள்: ஹார்ட் ராக் கிதார் ஒலி பற்றிக் கேள்வி பதில்

1960களின் நடுப்பகுதி முதல் 1980 வரையிலான ஹார்ட் ராக் கிதார், ஆம்ப், ஸ்பீக்கர் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையக் கேள்விகள் வந்துவிட்டன. எனக்கு நன்றாகத் தெரிந்தவற்றுக்கு விரிவாகப் பதில் எழுதுகிறேன். மற்றவற்றுக்குச் சுருக்கமாகத்தான் சொல்ல முடியும்.

ரிஃப்ராஜா: அண்ணா, ஏசி/டிசி மாதிரி ஒலிக்க வேண்டும் என்று கெயினை 8-ல் வைக்கிறேன். கார்டு அடித்தால் கொசகொசவென்று வருகிறது. என்ன டிஸ்டார்ஷன் பெடல் வாங்கலாம்?

பெடலே வேண்டாம் தம்பி. கெயினை, அதாவது ஆம்ப் ஒலியை எவ்வளவு உடைக்கிறது (டிஸ்டார்ஷன்) என்று தீர்மானிக்கும் குமிழை, 3-க்கு இறக்குங்கள்.

ஏசி/டிசியின் ரிதம் கிதாரிஸ்ட் மால்கம் யங் வாசித்தது 1963 கிரெட்ச் ஜெட் ஃபயர்பேர்ட். நெக் பிக்கப்பை (பிக்கப் என்பது கம்பியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் காந்தச் சுருள்) கழற்றி எறிந்துவிட்டு, பிரிட்ஜ் பக்கம் ஒரே ஒரு ஃபில்டர்ட்ரான் பிக்கப்பை மட்டும் வைத்துக்கொண்டார். ஸ்ட்ரிங் தடிமன் 12-லிருந்து 56 வரை (அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கில்), அதில் மூன்றாவது ஸ்ட்ரிங்கும் கம்பி சுற்றியது. ஆம்ப் லேசாக உடையத் தொடங்கும் இடத்தில் நிற்கும், அதற்கு மேல் போகாது. அந்த இசைக்குழுவின் பாரம் முழுக்க அந்த வலது கையில்தான் இருந்தது.

உங்களுக்கு ஏன் கொசகொசவென்று வருகிறது என்பதைக் கணக்காகவே சொல்கிறேன். ஆம்ப் உடையும்போது இரண்டு சுரங்கள் சேர்ந்து, அவற்றின் அதிர்வெண் வித்தியாசத்தில் புதிதாக ஒரு சுரத்தை உண்டாக்கும். ஏ 110 ஹெர்ட்ஸ், ஈ 165 ஹெர்ட்ஸ். வித்தியாசம் 55. அதுவும் ஏ தான், ஒரு ஸ்தாயி கீழே. இப்படி இரண்டு சுரங்கள் மட்டும் சேர்ந்த பவர் கார்டு அவ்வளவு கனமாக ஒலிப்பதற்கு இது முக்கியமான காரணம். இப்போது முழு ஓப்பன் ஏ கார்டு அடியுங்கள். அதில் 277 ஹெர்ட்ஸில் ஒரு சி ஷார்ப் இருக்கிறது. அதற்கும் 220-ல் இருக்கும் ஏ-வுக்கும் வித்தியாசம் 57. மேலே 330-ல் இருக்கும் ஈ-க்கும் அதற்கும் வித்தியாசம் 52-க்குச் சற்று மேல். ஆக 52, 55, 57 என்று மூன்று உறுமல்கள் அடியில் ஒன்றோடொன்று மோதுகின்றன. கெயின் ஏற ஏற இந்த மோதல்தான் பெரிதாகும். மால்கம் முழு ஓப்பன் கார்டுகளாக அடித்தும் ஒவ்வொரு ஸ்ட்ரிங்கும் தனியாகக் கேட்பதற்குக் காரணம் அந்தக் குறைந்த கெயின்.

சோதித்துப் பாருங்கள். ஓப்பன் ஏ அடித்துவிட்டு கிதாரின் வால்யூமை 10-லிருந்து 6-க்குத் திருப்புங்கள். ஒலி சுத்தமாகிவிட வேண்டும். ஆகவில்லை என்றால் கெயின் இன்னும் அதிகம். அப்புறம் மிட், அதாவது நடு அதிர்வெண் குமிழ். அதை 7-க்கு ஏற்றுங்கள், பேஸை 4-க்கு இறக்குங்கள். தனியாகக் கேட்டால் மூக்கால் பேசுவதுபோல இருக்கும். ட்ரம்ஸும் பேஸ் கிதாரும் சேர்ந்ததும் சரியாகிவிடும்.

மாடிவீட்டு மார்ஷல்: 100 வாட் பிளெக்சி ஒலி அபார்ட்மென்டில் வருமா?

பிளெக்சி என்பது 1960களின் மார்ஷல் ஆம்ப். நிஜ ஆம்பில் வராது. அந்த ஒலி எங்கிருந்து பிறந்தது என்று தெரிந்தால் காரணம் புரியும். ஜிம் மார்ஷல் மேற்கு லண்டனில் ஹான்வெல் பகுதியில் ட்ரம்ஸ் கடை வைத்திருந்தவர். 1962-ல் கென் பிரானும் டட்லி கிரேவனும் அவருக்காக ஃபெண்டர் பேஸ்மேன் சர்க்யூட்டை எடுத்து ஜேடிஎம்45 செய்தார்கள். முதல் வால்வாக (வெற்றிடக் குழாய்) 12ஏஒய்7-க்குப் பதில் ஈசிசி83 போட்டார்கள், அதில் கெயின் கூடியது. நான்கு செலஸ்டியன் ஸ்பீக்கர்களைப் பின்பக்கம் மூடிய பெட்டியில் வைத்தார்கள். இன்னும் சத்தம் வேண்டும் என்று த ஹூ இசைக்குழுவின் பீட் டவுன்ஷென்ட் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்படி வந்ததுதான் 100 வாட்.

அதில் மாஸ்டர் வால்யூமே கிடையாது. பவர் வால்வுகளும் ஸ்பீக்கர் காகிதமும் திணறும்போதுதான் அந்த ஒலி கிடைக்கும். ஒரு கிரீன்பேக் ஸ்பீக்கருக்கு 1 வாட் கொடுத்தாலே ஒரு மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 98 டெசிபல். 100 வாட்டை 50 ஆக்கினால் 3 டெசிபல்தான் குறையும். 5 வாட் ஆம்ப் வாங்கினாலும் குறைவது 13 டெசிபல், பக்கத்து வீட்டுக்காரர் அப்போதும் கதவைத் தட்டுவார். வீட்டில் வாசிக்க, ஆம்ப் ஒலியைப் போலச் செய்யும் டிஜிட்டல் மாடலரும் நல்ல ஹெட்ஃபோனும் போதும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஜென்ட்_2020: ஏழு ஸ்ட்ரிங் கிதாருக்கு எந்த பிக்கப்?

என் துறை இல்லை. நவீன மெட்டல் வாசிப்பவர்களைக் கேளுங்கள்.

பழுப்பு ஒலி: எடி வான் ஹேலன் வேரியாக் வைத்து ஆம்புக்கு வோல்ட்டேஜை ஏற்றினாராமே? நம் ஊர் 230 வோல்ட்டில் எவ்வளவு வைக்கலாம்?

வேரியாக் என்பது மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர். அதில் அவர் ஏற்றவில்லை, இறக்கினார். அமெரிக்காவின் 120 வோல்ட்டிலிருந்து 90 அளவுக்கு இறக்கி, தன் மார்ஷல் சூப்பர் லீடின் எல்லாக் குமிழ்களையும் முழுக்கத் திருப்பி வாசித்தார். ஆரம்ப காலப் பேட்டிகளில் ஏற்றியதாகச் சொன்னதை நம்பிப் பலர் தங்கள் ஆம்பை எரித்துக்கொண்டார்கள். இறக்குவதும் ஆபத்தில்லாத வேலை அல்ல. வால்வின் ஹீட்டர் வோல்ட்டேஜும் சேர்ந்து இறங்கும், பயஸை (வால்வின் இயங்குநிலையைத் தீர்மானிக்கும் அமைப்பு) மறுபடி சரிசெய்ய வேண்டும். நீங்கள் செய்ய வேண்டாம்.

இதையே சாக்காக வைத்து எல்லோருக்கும் சொல்கிறேன். வால்வு ஆம்பின் பின்பலகையைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சர்களில் 450 வோல்ட் வரை தேங்கி நிற்கலாம். உயிரே போய்விடும். இரண்டாவது, ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வு ஆம்பை ஒருபோதும் வாசிக்காதீர்கள். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும்.

எடியின் அந்தக் கிதாரில் இருந்தது ஒரு பழைய கிப்சன் இஎஸ்-335-லிருந்து எடுத்த ஹம்பக்கர் (இரைச்சலை அடக்கும் இரட்டைச் சுருள் பிக்கப்) ஒன்றுதான். ஒரே பிக்கப், ஒரே வால்யூம் குமிழ்.

பட்ஜெட் ராக்கர்: 5,000 ரூபாய்க்குள் நல்ல டிஸ்டார்ஷன் பெடல்?

ரிஃப்ராஜாவுக்கு எழுதியதைப் படியுங்கள்.

பவானி ஃபஸ்: என் ஜெர்மானியம் ஃபஸ் பெடல் டிசம்பரில் அருமையாக இருந்தது. மே மாதத்தில் புறுபுறுவென்று செத்துப்போகிறது. பழுதா?

பழுது இல்லை, வெயில். ஜெர்மானியம் டிரான்சிஸ்டரில் கசியும் மின்னோட்டம் ஏறக்குறைய 10 டிகிரிக்கு ஒருமுறை இரட்டிப்பாகும். பயஸ் நகர்ந்துவிடும். லண்டன் குளிரில் 1966-ல் ஃபஸ் ஃபேஸ் பிறந்தது என்பதை மறக்க வேண்டாம். ஹென்ட்ரிக்ஸே பின்னாளில் சிலிக்கான் வகைக்கு மாறினார். கோடைக்கு ஒரு சிலிக்கான் ஃபஸ் வைத்துக்கொள்ளுங்கள். கிதாரிலிருந்து நேராக அதற்குள் செருகுங்கள், நடுவில் பஃபர் (சிக்னலை வலுவாக்கி அனுப்பும் சர்க்யூட்) உள்ள பெடல் எதுவும் வரக் கூடாது.

ஹெவிகேஜ்: தடித்த ஒலிக்குத் தடித்த ஸ்ட்ரிங்தான் வழி. 9 போடுபவர்கள் ராக் வாசிக்கவே கூடாது. சரிதானே?

தவறு. இந்த இசையின் மிகக் கனமான ஒலியை உண்டாக்கியவரையே எடுத்துக்கொள்வோம். பிளாக் சபாத் இசைக்குழுவின் டோனி அயோமி, பர்மிங்ஹாம் தகடு ஆலை, 1965, வயது 17, அவருக்கு அங்கே கடைசி வேலைநாள். இயந்திரத்தில் வலது கையின் நடுவிரல் நுனியும் மோதிரவிரல் நுனியும் போயின. அவர் இடதுகைக்காரர் என்பதால் ஃப்ரெட்டை அழுத்தும் கையே அதுதான். பாத்திரம் கழுவும் திரவத்தின் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி விரல் தொப்பி செய்து, அதன் மேல் தோல் ஒட்டி வாசித்தார். தடித்த ஸ்ட்ரிங்கை அந்த விரல்களால் வளைக்கவே முடியாது. மெல்லிய கிதார் ஸ்ட்ரிங் அன்று கடையில் கிடைக்காததால் பேஞ்சோ ஸ்ட்ரிங் போட்டார். 1971-ல் இன்னும் தளர்த்தி சி ஷார்ப்புக்கு இறக்கினார். கனம் போயிற்றா?

ஹெவிகேஜ்: அது அவருடைய கட்டாயம். மால்கமைப் பற்றி நீங்களே 12 என்று எழுதினீர்களே?

எழுதினேன். பக்கத்தில் நின்ற தம்பி ஆங்கஸ் போட்டது 9. இரண்டும் ஒரே இசைத்தட்டில்தான் இருக்கின்றன. மால்கமுக்கு ஸ்ட்ரிங்கை வளைக்க வேண்டிய வேலை இல்லை. ஓங்கி அடித்தாலும் சுருதி விலகாத கம்பிதான் அவருக்குத் தேவை. டெக்சஸில் ஸீஸீ டாப் இசைக்குழுவின் பில்லி கிப்பன்ஸ் 7, 8 என்று போடுகிறார். அவர் ஒலியை மெலிந்தது என்று யாராவது சொல்வார்களா?

தளர்ந்த தந்தி: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நான் சி ஷார்ப்புக்கு இறக்கி 12 போட்டிருக்கிறேன். அப்படியானால் அது வீணா?

வீண் இல்லை. கணக்கைப் பாருங்கள். மூன்று அரைச்சுரம் இறக்கினால் இழுவிசை ஏறக்குறைய 29 சதவீதம் குறையும். 10-லிருந்து 12-க்குப் போனால் 44 சதவீதம் கூடும். இரண்டும் சேர்ந்தால் சாதாரண சுருதியில் 10 போட்ட இறுக்கமே திரும்பக் கிடைக்கும். ஆகவே உங்கள் விரலுக்கு மாற்றம் தெரியாது. அயோமி செய்தது இதற்கு நேர் எதிர். மெல்லியதையே இன்னும் தளர்த்தினார். கம்பி குழைகிறது, அடித்த கணத்தில் சுருதி சற்று மேலே போய் இறங்குகிறது. அந்தக் குழைவு அவர் ஒலியின் ஒரு பகுதி.

ஹெவிகேஜ்: தடித்த கம்பியில் இரும்பு அதிகம், பிக்கப்புக்கு சிக்னல் அதிகம். இது இயற்பியல். இதை மறுக்க முடியாது.

மறுக்கவில்லை. சிக்னல் கொஞ்சம் கூடும். அதே அளவை பிக்கப் திருகை அரைச் சுற்று திருப்பியும் கூட்டலாம். கம்பி தடித்தால் விறைப்பும் கூடும், மேல் ஓவர்டோன்கள் சுருதி விலகும், பளபளப்பு மங்கும். உங்களுக்கு அந்த மங்கல் பிடித்திருந்தால் தாராளமாகப் போடுங்கள், அது ரசனை. ஆனால் 9 போடுபவன் ராக் வாசிக்கக் கூடாது என்று புதிதாகக் கற்றுக்கொள்ளும் பையன்களிடம் சொல்லாதீர்கள். விரல் வீங்கி, ஒரு மாதத்தில் கிதாரை மூலையில் சாத்திவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது அதற்காகத்தான். ஸ்ட்ரிங் விவாதத்தை இத்துடன் நிறுத்திக்கொள்வோம்.

லெஸ்பால் நகல்: என் கிதார் ஒரிஜினல் இல்லை. பிக்கப் மாற்றவா, ஸ்பீக்கர் மாற்றவா?

முதலில் ஸ்க்ரூடிரைவர் எடுங்கள். கடைசி ஃப்ரெட்டில் ஸ்ட்ரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஸ்ட்ரிங்குக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். பிரிட்ஜில் 2 மில்லிமீட்டர் இருக்கட்டும். நெக் பிக்கப்பைத் தாராளமாக இறக்குங்கள், குறிப்பாகத் தடித்த ஸ்ட்ரிங் பக்கம். பாதிப் பேருக்கு இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும். தீரவில்லை என்றால் ஸ்பீக்கரை மாற்றுங்கள். நல்ல பிக்கப் போட்டு மட்டமான ஸ்பீக்கரில் கேட்பது வீண் செலவு.

சேத் லவர் 1955-ல் வடிவமைத்த பழைய ஹம்பக்கர்களுக்குக் கோயில் கட்டுகிறார்கள். அன்று ஒவ்வொன்றிலும் சுற்றின் எண்ணிக்கை ஒரே மாதிரி இருந்ததில்லை. ஆகவே எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே ஒலி என்று ஒன்று கிடையாது.

மெட்டல் மச்சி: கெயின் 10-ல் வைத்தும் கனம் வரவில்லை. எந்தப் பெடல்...

10-ல் வைத்ததால்தான் வரவில்லை. முதல் பதில்.

ஸெப்ரசிகன்: லெட் செப்பெலின் முதல் ஆல்பத்தில் லெஸ் பால் ஒலி அவ்வளவு பெரிதாக இருக்கிறது. என்ன ஆம்ப்?

அது லெஸ் பாலே இல்லை. 1968 செப்டம்பர், அக்டோபரில் லண்டன் ஒலிம்பிக் ஸ்டுடியோவில் பதிவானபோது ஜிம்மி பேஜ் கையில் இருந்தது ஜெஃப் பெக் கொடுத்த டெலிகாஸ்டர், ஆம்ப் ஒரு சின்ன சுப்ரோ. புகழ்பெற்ற 1959 லெஸ் பால், 1969-ல் ஜோ வால்ஷிடம் வாங்கியது. பெரிய ஒலி வேண்டும் என்றால் பெரிய ஆம்ப் வேண்டும் என்பதில்லை. சின்ன ஆம்பை முழுக்கத் திறந்துவிட்டு, ஸ்பீக்கரின் வாயில் ஒட்டிய மைக்கோடு நிறுத்தாமல், இன்னொரு மைக்கைச் சற்றுத் தள்ளி வைத்தால் அறையும் சேர்ந்து பதிவாகும். வீட்டில் பதிவு செய்பவர்கள் இதைச் செய்து பாருங்கள். காசு செலவில்லை.

ஊதாப் பிரியன்: டீப் பர்பிளின் அந்த எல்லோரும் வாசிக்கும் ரிஃப் எனக்கு மட்டும் சரியாக ஒலிப்பதில்லை. 'ஸ்மோக் ஆன் த வாட்டர்' தான். பிளாக்மோர் என்ன பெடல் பயன்படுத்தினார்?

பெடலை விடுங்கள், நீங்கள் வாசிக்கும் இடமே வேறாக இருக்கும். பெரும்பாலும் இதைத் தடித்த ஸ்ட்ரிங்கில் பவர் கார்டாக, பிக் வைத்து அடிக்கிறார்கள். ரிச்சி பிளாக்மோர் டி, ஜி ஸ்ட்ரிங்குகளில் வாசிக்கிறார். திறந்த ஸ்ட்ரிங்குகள், பிறகு மூன்றாம் ஃப்ரெட், பிறகு ஐந்தாம் ஃப்ரெட். பிக் இல்லாமல் இரண்டு விரல்களால் இரண்டு ஸ்ட்ரிங்கையும் ஒரே நேரத்தில் பிடுங்குகிறார். பிக் வைத்தால் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஒலிக்கும், அந்தக் கொத்தாக விழும் ஒலி வராது. டி 147, ஜி 196, வித்தியாசம் 49 ஹெர்ட்ஸ். அதுவும் ஜி தான், இரண்டு ஸ்தாயி கீழே. மேல் ஸ்ட்ரிங்குகளில் வாசித்தும் அடியில் அவ்வளவு கனம் எப்படி வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

அவர் கருவிகள் ஸ்ட்ராட்டோகாஸ்டர், 200 வாட் மார்ஷல் மேஜர். பின்னாளில் ஆம்புக்கு முன்னால் ஓர் ஐவா டேப் ரெக்கார்டரையும் வைத்து, அதன் வழியாக சிக்னலைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டார். ஆனால் முதலில் விரலை மாற்றுங்கள்.

புது ஆம்ப்: முதல் வால்வு ஹெட் வாங்கிவிட்டேன்! கேபினெட் 8 ஓம். பின்னால் 4, 8, 16 என்று மூன்று துளைகள். கிதார் கேபிளிலேயே இணைக்கலாமா?

வாழ்த்துகள். 8 ஓம் துளையில் செருகுங்கள். கிதார் கேபிள் கூடாது. பிளக் ஒரே மாதிரி இருந்தாலும் அதன் உள்கம்பி மிக மெல்லியது, சூடேறி அறுந்தால் ஸ்பீக்கர் இல்லாமல் வாசித்த கதைதான். ஸ்பீக்கர் கேபிள் என்று கேட்டு வாங்குங்கள். முதலில் கேபினெட், அதன் பிறகுதான் பவர். ஸ்டாண்ட்பை ஸ்விட்ச் இருந்தால் அரை நிமிடம் வால்வு சூடாகட்டும், அப்புறம் போடுங்கள். கெயின் எவ்வளவு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.