ஊர்ப் பாடசாலையை இணைத்தால் மகளின் அனுமதிப் புள்ளி என்ன ஆகும்?

கேள்வி: நாங்கள் கோண்டாவில் பக்கம் இருக்கிறோம். மகன் ஊர்ப் பாடசாலையில் தரம் 5. மகளுக்கு 2027 ஜனவரியில் தரம் 1. எங்கள் பாடசாலையில் பிள்ளைகள் குறைவு என்பதால் பக்கத்துப் பாடசாலையோடு இணைக்கப் போகிறார்கள், அனுமதி எல்லையும் மாறும் என்று கதை அடிபடுகிறது. போன கூட்டத்தில் பெற்றோர் இரண்டு பக்கமாகப் பிரிந்து சத்தம் போட்டதுதான் மிச்சம். புதிய பாடத்திட்டம் சின்னப் பாடசாலையில் நடக்காது என்கிறது ஒரு பகுதி. பாடசாலையை விட்டால் ஊரையே விட்டது போல என்கிறது மற்றப் பகுதி. மகளுக்கு யாழ் நகரப் பாடசாலை ஒன்றுக்கும் விண்ணப்பிக்க எண்ணியிருக்கிறேன். நான் எந்தப் பக்கம் நிற்பது?

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதத்தில் மூன்று விஷயம் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கிறது. மகளின் அனுமதி ஒன்று, பாடசாலை இணைப்பு ஒன்று, பாடத்திட்டம் ஒன்று. கூட்டத்தில் சத்தம் வந்ததும் இந்தச் சிக்கலால்தான் என்று நினைக்கிறேன். அனுமதியில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் அதற்குத்தான் நாள் குறைவு.

பாடசாலையைச் சுற்றி ஒரு கோடு இருக்கிறது, கோட்டுக்கு உள்ளே இருந்தால் இடம், வெளியே இருந்தால் இல்லை என்றுதான் பலர் நம்புகிறார்கள். நம் நாட்டில் தரம் 1 அனுமதி அப்படி நடப்பதில்லை. வட்டம் வரைவது உங்கள் வீட்டை நடுவாக வைத்து. உங்கள் வீட்டுத் தலைவாசலில் இருந்து, நீங்கள் கேட்கும் பாடசாலையின் ஆரம்பப் பிரிவு அலுவலக வாசல் வரைக்கும் நேர்கோட்டுத் தூரம் எடுப்பார்கள். வீதியால் போகும் தூரம் கணக்கில்லை. வரைபடத்தில் உங்கள் வீட்டில் கவராயத்தின் முனையை ஊன்றி, அந்தத் தூரத்தை ஆரையாக வைத்து ஒரு வட்டம். அந்த வட்டத்துக்குள், நீங்கள் கேட்கும் பாடசாலையை விடக் கிட்ட, உங்கள் பிள்ளையைச் சேர்க்கக்கூடிய அரச ஆரம்பப் பாடசாலை எத்தனை இருக்கிறதோ, ஒவ்வொன்றுக்கும் தூரத்துக்கான புள்ளியில் கொஞ்சம் கழியும். மகளுக்குக் கேட்கிறீர்கள் என்பதால் ஆண்கள் பாடசாலை கணக்கில் வராது. வேறு மொழி மூலப் பாடசாலையும் வராது. ஆறு, நீரேரி, சதுப்பு போன்ற தடையால் போய்வர முடியாத பாடசாலையையும் கழிக்கக் கூடாது. அரியாலை கிழக்கில் இருப்பவர்கள் இந்த விதியை நன்றாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். நீரேரிக்கு அக்கரையில் இருக்கும் தென்மராட்சிப் பாடசாலை வரைபடத்தில் கிட்டத் தெரியும், ஆனால் பிள்ளை நீந்தியா போகும்?

இப்போது இணைப்பை இந்த வட்டத்துக்குள் வைத்துப் பாருங்கள். கோண்டாவிலில் இருந்து நகருக்கு ஆரை எடுத்தால் திருநெல்வேலி, கொக்குவில் என்று வட்டத்துக்குள் பாடசாலைகள் நிறைய வரும். உங்கள் ஊரில் இரண்டு ஆரம்பப் பிரிவு ஒன்றாகினால் கழிபடும் எண்ணிக்கையில் ஒன்று குறையும், நகரப் பாடசாலைக்கு உங்கள் புள்ளி கொஞ்சம் ஏறும். இணைப்புக்கு ஆதரவாகப் பேசிய சிலரின் மனதில் இந்தக் கணக்கு இருந்திருக்கலாம். ஆனால் உங்கள் ஒழுங்கையில் இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் அதே புள்ளி ஏறும். நகரத்துக்குக் கிட்ட இருப்பவர்கள் முன்னாலேயேதான் நிற்பார்கள். வரிசையில் உங்கள் இடம் பெரிதாக மாறாது. அதோடு, விண்ணப்பிக்கும் காலத்தில் எந்தப் பாடசாலை இயங்குகிறதோ அதுதான் கணக்கு. கதையாக இருக்கும் இணைப்பு உங்கள் மகளின் விண்ணப்பத்துக்கு ஒன்றும் செய்யாது. ஆகவே மகளின் அனுமதிக்காக இணைப்பை ஆதரிக்கவும் வேண்டாம், எதிர்க்கவும் வேண்டாம்.

உங்கள் புள்ளியைத் தீர்மானிப்பவை வேறு. தரம் 1 அனுமதிக்கான கல்வி அமைச்சின் சுற்றறிக்கையில் இத்தனை காலமும் இருந்துவந்த இடங்களின் பங்கீடு இப்படி: தூரத்தை வைத்து 50 சதவீதம், பழைய மாணவரின் பிள்ளைகளுக்கு 25, ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் சகோதரருக்கு 15, கல்வித் துறையில் வேலை செய்வோருக்கு 5, இடமாற்றம் பெற்று வந்த அரச ஊழியருக்கு 4, வெளிநாட்டில் இருந்து வந்தோருக்கு 1. நீங்களோ கணவரோ அந்த நகரப் பாடசாலையில் படித்திருந்தால் 25 சதவீதப் பிரிவிலும் விண்ணப்பிக்கலாம். அப்படிப் படிக்காமல், மற்றப் பிரிவுகளும் பொருந்தாவிட்டால் தூரப் பிரிவு மட்டுமே. அதில் வதிவிட ஆவணத்துக்கும் வாக்காளர் இடாப்புக்கும் நல்ல புள்ளி இருக்கிறது.

யாழ்ப்பாணத்துக் குடும்பங்கள் வழுக்கி விழும் இடம் இந்த இடாப்புத்தான். நேர்முகக் குழுவில் நான் இருந்த காலத்தில் ஒரு தாய் வந்தார். சீதன வீடு அவரின் பெயரில், காணி உறுதி சுத்தமாக இருந்தது, பாடசாலைக்கு நடந்து போகும் தூரம். ஆனால் கணவரின் பெயர் கலியாணம் கட்டிப் பல வருடம் ஆன பிறகும் வடமராட்சியில் தாய் வீட்டு இடாப்பில்தான் இருந்தது. முந்திய ஐந்து வருட இடாப்பில் தாய் தகப்பன் இருவரின் பெயரும் ஒரே விலாசத்தில் இருந்தால்தான் முழுப் புள்ளி. அந்தப் பிள்ளைக்கு இடம் கிடைக்கவில்லை. அந்தத் தாயின் முகம் இன்றும் எனக்கு மறக்கவில்லை, ஏனென்றால் ஒரு விண்ணப்பப் படிவத்தை உரிய காலத்தில் நிரப்பிக் கொடுத்திருந்தால் போதும். வலிகாமம் வடக்கில் இருந்து இடம்பெயர்ந்து, பெயரை மட்டும் பழைய ஊரில் வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் இதே சிக்கல் வரும். அவர்கள் ஏன் அப்படி வைத்திருக்கிறார்கள் என்பது நம் எல்லோருக்கும் விளங்கும். விளங்குவதற்குப் புள்ளி இல்லையே.

உறுதி உங்கள் பெயரில் அல்லது கணவர் பெயரில் இருந்தால் நல்லது. உங்கள் தாய் தகப்பன் பெயரில் இருந்தால் புள்ளி குறையும். வாடகை என்றால் பதிவு செய்த ஒப்பந்தம் வேண்டும், வாய்ப்பேச்சு வாடகைக்கு ஒன்றும் இல்லை. ஒற்றிக்கு இருப்பவர்களும் எழுத்தில் பதிந்த ஆவணத்தை எடுத்துவைக்க வேண்டும். மின்சாரச் சிட்டை, தண்ணீர்ச் சிட்டை, தொலைபேசிச் சிட்டை எல்லாவற்றிலும் விலாசம் ஒரே மாதிரி எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றில் கோண்டாவில் கிழக்கு, இன்னொன்றில் வெறும் கோண்டாவில் என்று இருந்தால் நேர்முகத்தில் கேள்வி வரும். கிராம அலுவலரின் சான்றும் வேண்டும். உறவினரின் வீட்டு விலாசத்தைக் கொடுக்கும் யோசனை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். பொய் என்று பின்னால் தெரிந்தாலும் பிள்ளையை நிறுத்தலாம், பாரம் முழுக்கப் பிள்ளையின் தலையில்.

தற்காலிகப் பட்டியலில் பெயர் இல்லை என்றால் பட்டியலோடு அறிவிக்கும் தவணைக்குள் மேன்முறையீடு செய்யுங்கள். அதிலும் நியாயம் இல்லை என்று தெரிந்தால் யாழ்ப்பாணத்தில் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. ஒரு மாதத்துக்குள் போக வேண்டும். அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சமத்துவத்தைச் சொல்கிறது, பாடசாலை அனுமதி தொடர்பாக அதன் கீழ் உயர் நீதிமன்றம் வரை போன குடும்பங்கள் பல.

சரி, இணைப்புக்கு வருவோம். மாகாணப் பாடசாலை என்றால் இது மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கையில், வலயக் கல்விப் பணிமனை ஊடாக நடப்பது. கூட்டத்தில் ஒருவரை ஒருவர் ஏசுவதை விட, பாடசாலை அபிவிருத்திச் சங்கம் ஊடாக எழுத்தில் கேளுங்கள். பெற்றோர் எல்லோரும் அதில் உறுப்பினர்தான். ஆரம்பப் பிரிவு எந்த வளவில் இருக்கும்? இப்போது இருக்கும் ஆசிரியர்கள் எல்லோரும் பிள்ளைகளோடு வருவார்களா? காலி வளவு எதற்குப் பயன்படும்? சின்னப் பிள்ளைகள் போய்வர யார் பொறுப்பு? பதில் வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போடுங்கள். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பதில்களைக் கையில் வைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்தைக் கூட்டுங்கள்.

என் சொந்தக் கருத்தையும் சொல்கிறேன். தரம் 1 இல் இருந்து 5 வரைக்கும் சின்னப் பாடசாலை குறையே இல்லை. செயற்பாட்டு வழிக் கல்வி புதியது அல்ல, 1999 இல் நாடு முழுக்கத் தரம் 1 இல் வந்ததுதான். 2026 இல் தரம் 1 க்கு வந்த புதிய பாடத்திட்டமும் அதே வழியில்தான் போகிறது. பிள்ளை கை வைத்துச் செய்ய, ஆசிரியர் பக்கத்தில் இருந்து பார்க்க, பன்னிரண்டு பிள்ளை இருக்கும் வகுப்புப் போல வருமா? ஒரு ஆசிரியர் இரண்டு தரத்தைச் சேர்த்துப் படிப்பிக்க வேண்டி வந்தால்தான் கஷ்டம். அதை மட்டும் கவனியுங்கள். தரம் 6 இல் இருந்து கதை வேறு. ஆங்கிலத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் தகவல் தொழினுட்பத்துக்கும் தனித்தனி ஆசிரியர் வேண்டும், சாதாரண தரத்துக்குத் தெரிவுப் பாடங்கள் வேண்டும். நாற்பது பிள்ளைகள் இருக்கும் பாடசாலைக்கு அத்தனை ஆசிரியரைத் தர மாட்டார்கள். அங்கே இணைப்பது பிள்ளைகளுக்கு நல்லது. ஆரம்பப் பிரிவை ஊரிலேயே வைத்து, மேல் வகுப்புகளை மட்டும் இணைக்கும்படி கேட்டால், கூட்டத்தின் இரண்டு பகுதியும் ஒரு மேசையில் இருக்க வழி உண்டு என்று நம்புகிறேன்.

மகனின் கதையும் இருக்கிறது. தரம் 6 க்கான புதிய பாடத்திட்டம் 2026 இல் தொடங்க இருந்து 2027 க்குத் தள்ளிப் போனது. அப்படியே நடந்தால் அதைப் படிக்கும் முதல் வருடப் பிள்ளைகளில் உங்கள் மகனும் ஒருவன். புலமைப்பரிசில் பரீட்சை நிறுத்தப்படவில்லை, ஆகவே பயிற்சியை விட வேண்டாம். ஆனால் பாடங்கள் தொகுதிகளாகப் பிரிந்து, வருடம் முழுக்கக் கணிப்பீடு நடக்கும் முறைக்கு அவன் போகிறான். மனப்பாடத்துக்கு இரவு பத்து மணிவரை ரியூசனுக்கு அனுப்புவதை விட, தானாக வாசித்து நாலு வசனம் எழுதப் பழக்குங்கள். ஆண் பிள்ளைகளுக்கு யாழ் இந்துக் கல்லூரி, பெண் பிள்ளைகளுக்கு வேம்படி போன்றவை தரம் 6 இல் இருந்து பிள்ளைகளை எடுப்பவை. மகளுக்கும் ஐந்து வருடத்தில் அந்த வாசல் திறக்கும், தரம் 1 இல் நகரம் கிடைக்காவிட்டால் எல்லாம் முடிந்தது என்று இல்லை.

மகள் 2022 ஜனவரி 31 அல்லது அதற்கு முன் பிறந்தவர்தானா என்று பிறப்புச் சான்றிதழைப் பாருங்கள், ஐந்து வயது அன்றைக்குப் பூர்த்தியாக வேண்டும். கூகுள் மேப்பில் தூரம் அளக்கும் வசதி இருக்கிறது, வீட்டு வாசலில் இருந்து நேராக அளந்து வட்டத்துக்குள் வரும் பாடசாலைகளை எண்ணுங்கள். ஊர்ப் பாடசாலைக்கும் கட்டாயம் ஒரு விண்ணப்பம் போடுங்கள். கணவரின் பெயர் எந்த இடாப்பில் இருக்கிறது என்று இந்தக் கிழமையே கிராம அலுவலரிடம் கேட்டுவிடுங்கள்.