வீட்டுப் பராமரிப்பு உதவியாளர் பயிற்சி: ஆன்லைனில் எது முடியும், எது முடியாது?

அமெரிக்காவில் நியூஜெர்சியில் வீட்டுப் பராமரிப்பு நர்ஸாக இருக்கிறேன். எச்.எச்.ஏ. (ஹோம் ஹெல்த் எய்ட்), அதாவது வீட்டுப் பராமரிப்பு உதவியாளர் வேலைக்குப் போக நினைக்கும் நம் ஊர்க்காரர்கள் அனுப்பிய கேள்விகளும் என் பதில்களும்.

அக்கா, ஒரே வார இறுதியில் ஆன்லைனில் முடித்துவிடலாம், 50 மாநிலங்களிலும் செல்லும் என்று ஒரு விளம்பரம் பார்த்தேன். பணம் கட்டலாமா?

கட்டாதீர்கள். எல்லா மாநிலத்துக்கும் செல்லும் சான்றிதழ் என்று ஒன்று கிடையாது. மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) அங்கீகாரம் பெற்ற வீட்டுப் பராமரிப்பு ஏஜென்சிகளுக்கான பயிற்சி குறைந்தது 75 மணி நேரம் இருக்க வேண்டும் என்பது மத்திய அரசு விதி. வார இறுதி முழுக்கத் தூங்காமல் படித்தாலும் 48 மணி நேரம்தானே! அதற்கு மேல் மாநிலங்கள் தம் கணக்கைக் கூட்டிக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவில் 120 மணி நேரம். இங்கே நியூஜெர்சியில் 76: வகுப்பு 60, செய்முறை 16. நர்சிங் போர்டு அங்கீகரித்த பயிற்சியாக இருக்க வேண்டும், கைரேகை கொடுத்துக் குற்றப் பின்னணிச் சோதனையும் உண்டு.

அப்படியென்றால் ஆன்லைனே கூடாதா?

பாடப் பகுதியை உங்கள் மாநிலம் அனுமதித்தால் ஆன்லைனில் தாராளமாகப் படிக்கலாம். தொற்றுத் தடுப்பு, சத்துணவு, நோயாளியின் உரிமைகள் எல்லாம் திரையில் பார்த்தே புரியும். ஆனால் 16 மணி நேரச் செய்முறையை நர்ஸ் ஒருவரின் மேற்பார்வையில்தான் செய்ய வேண்டும். குளிப்பாட்டுவது, கழிப்பறைக்கு அழைத்துப் போவது, நாடி பார்ப்பது போன்றவற்றை நோயாளியிடமோ நோயாளியாக நடிப்பவரிடமோ நீங்கள் செய்ய, நர்ஸ் பார்த்துத்தான் தேர்ச்சி தருவார்.

பக்கவாதம் வந்தவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றுவதை நினைத்துப் பாருங்கள். நாற்காலியை அவருக்குப் பலமுள்ள பக்கம் போட வேண்டும். பிரேக்கைப் பூட்டி, கால்வைக்கும் தட்டை ஒதுக்கிவிட வேண்டும். இடுப்பில் பெல்ட் கட்டி அதைப் பிடித்துத் தூக்க வேண்டும். பாவம், வராத கையைப் பிடித்து இழுத்தால் தோள் மூட்டே நழுவிவிடும். வீடியோவில் பார்க்க எல்லாம் சுலபம்தான். நிஜமாக ஒருவருடைய எடை நம் மேல் சாயும்போதுதான் காலை எப்படி ஊன்றுவது என்றே தெரியும். அதனால் எந்த நிறுவனத்தில் சேர்ந்தாலும் முதல் கேள்வி, "செய்முறை எங்கே, எந்த நர்ஸ் நடத்துகிறார்?" என்பதாக இருக்கட்டும். மழுப்பினால் வேறு இடம் பாருங்கள்.

எச்4 விசாவில் (வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்தாருக்கானது) இருக்கிறேன். சேரலாமா?

படிக்கலாம். சம்பளத்துக்கு வேலை பார்க்க இஏடி என்ற வேலை அனுமதி அட்டை கையில் வேண்டும். அது இல்லாமல் ரொக்கமாகத் தருகிறோம் என்று யார் கூப்பிட்டாலும் போகாதீர்கள், உங்கள் விசாவே சிக்கலாகும்.

என் ஆங்கிலம் சுமார்தான் அக்கா.

இலக்கணம் யாருக்கும் வேண்டாம். ஆனால் நோயாளியின் நிலையைப் படிக்க, எழுத, வாயால் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும் என்பது விதியிலேயே இருக்கிறது. "காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை, குதிகால் சிவந்திருக்கிறது" என்பதை நர்ஸுக்குப் போனில் சொல்ல முடிகிறதா? அந்தச் சிவப்பு படுக்கைப்புண்ணின் ஆரம்பமாக இருக்கலாம். இப்படிப்பட்ட வாக்கியங்களைத் தினமும் சொல்லிப் பழகுங்கள், வந்துவிடும்.

குழந்தை பிறந்ததால் வேலையை விட்டேன். பழைய பயிற்சி செல்லுமா?

இந்த வேலையைச் சம்பளத்துக்குச் செய்யாமல் தொடர்ந்து 24 மாதம் போய்விட்டால் மெடிகேர் ஏஜென்சியில் பழைய பயிற்சி செல்லாது. அதற்குள் திரும்பிவிடப் பாருங்கள். வேலையில் இருக்கும்போதும் ஆண்டுக்கு 12 மணி நேரம் தொடர் பயிற்சி உண்டு.

மாமியாரை நானே பார்த்துக்கொள்கிறேன். எனக்கும் சான்றிதழ் வேண்டுமா?

சொந்த வீட்டில் பார்த்துக்கொள்ள எந்தச் சான்றிதழும் வேண்டாம். அவருக்கு மெடிகெய்ட் (வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு) இருந்தால் நியூஜெர்சியின் பெர்சனல் பிரிஃபரன்ஸ் திட்டம் பற்றி அவருடைய ஹெல்த் பிளானில் விசாரியுங்கள். உறவினரையே சம்பளத்துக்கு வைத்துக்கொள்ள அதில் வழி இருக்கிறது. ஆனாலும் ஒரு நர்ஸ் வரும் நாளில், மேலே சொன்ன கட்டில் மாற்றத்தை மட்டுமாவது நேரில் கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் முதுகுக்கும் நல்லது.