மிதவை ஏன் குடியிருப்புக்கு நடுவே தெரிகிறது? கழிமுகத்துக் கணுக்களின் இடத்தைக் கண்டறிவது குறித்து

கேள்வி: நான் திருவொற்றியூரில் வசிக்கும் பொறியியல் கல்லூரி விரிவுரையாளர். இறுதியாண்டு மாணவர்களுடன் சேர்ந்து, எண்ணூர்க் கழிமுகத்தில் நீர்மட்டத்தையும் உப்புத்தன்மையையும் அளக்கும் 30 கம்பியில்லா உணரிக் கணுக்களை (அளந்து ரேடியோவில் செய்தி அனுப்பும் சிறு கருவிகளை) நிறுவியிருக்கிறேன். அவற்றில் 22 கம்பங்களில் கட்டப்பட்டவை. 8 கயிற்றால் பிணைத்த மிதவைகளில் இருப்பவை. எல்லாமே 2.4 கிகாஹெர்ட்ஸ் ஜிக்பீ தொகுதிகள், அதாவது குறைந்த மின்சாரத்தில் இயங்கும் ரேடியோக்கள். சாலையோரக் கரையில் உள்ள 5 கம்பங்களுக்கு மட்டும் ஜிபிஎஸ் பொருத்தி, மற்றவற்றின் இடத்தைச் சிக்னல் வலிமையைக் கொண்டு கணக்கிடுகிறோம். ஆனால் மிதவைகள் வரைபடத்தில் சில நேரம் சாலைக்கு அப்பால், வீடுகளுக்கு நடுவே தெரிகின்றன. காலையில் 100 மீட்டர் என்று வந்த இரு கம்பங்களின் இடைவெளி மாலையில் 160 மீட்டரைத் தொடுகிறது. செய்தி எத்தனை கணுக்களைத் தாவி வருகிறது என்று எண்ணித் தொலைவு காணும் டிவி-ஹாப் முறைக்கு மாறலாம் என்கிறார்கள் மாணவர்கள். எல்லாக் கணுக்களுக்கும் ஜிபிஎஸ் வாங்கப் பணமும் இல்லை, மின்கலமும் தாங்காது. என்ன செய்யலாம்?

பதில்: வழிமுறையை மாற்ற வேண்டாம். நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுகளுக்கும் உங்கள் நிரல் காரணமில்லை. முதலாவது கம்பங்களை நட்ட வரிசையிலிருந்து வருகிறது, இரண்டாவது அவற்றுக்குக் கீழே ஏறி இறங்கும் நீரிலிருந்து வருகிறது. இவை இரண்டையும் விளக்கிவிட்டு, உங்கள் 30 கணுக்களில் பெரும்பாலானவற்றுக்கு இந்தக் கணக்கே தேவையில்லை என்று நான் ஏன் கருதுகிறேன் என்பதையும் சொல்கிறேன்.

இடம் தெரிந்த கணுவை நங்கூரக் கணு என்கிறோம். ஒரு கணுவிலிருந்து மூன்று நங்கூரங்களுக்கு உள்ள தொலைவு தெரிந்தால், மூன்று வட்டங்கள் வெட்டிக்கொள்ளும் புள்ளியே அதன் இடம் என்பதைப் பாடத்தில் நடத்தியிருப்பீர்கள். அந்த மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கக் கூடாது என்ற நிபந்தனையைத்தான் பலரும் களத்தில் மறந்துவிடுகிறார்கள். நங்கூரங்கள் எல்லாம் ஒரு கோட்டில் நின்றால், கோட்டுக்கு இந்தப் பக்கம் 40 மீட்டர் தள்ளியிருக்கும் புள்ளிக்கும், அதற்கு நேர் எதிராக அந்தப் பக்கம் 40 மீட்டர் தள்ளியிருக்கும் கண்ணாடிப் பிம்பப் புள்ளிக்கும் எல்லா நங்கூரங்களிலிருந்தும் ஒரே தொலைவுதான் கிடைக்கும். ஐந்து நங்கூரங்களை ஐம்பதாக்கினாலும் இது மாறாது. சாலையோரக் கரை ஏறத்தாழ நேராக ஓடுவதால், உங்கள் மிதவைகள் சாலைக்கு அப்பால் போய் நிற்பதில் வியப்பில்லை.

‘கரை முழு நேராக இல்லையே, ஒரு கம்பம் ஐந்து மீட்டர் உள்ளே தள்ளித்தானே இருக்கிறது’ என்று நீங்கள் கேட்கலாம். அந்தக் கம்பத்துக்கு நேரே கோட்டிலிருந்து 40 மீட்டர் தள்ளி மிதவை இருக்கிறது என்று கொண்டால், உண்மையான இடம் 35 மீட்டரிலும் பிம்பம் 45 மீட்டரிலும் இருக்கும். இந்தப் பத்து மீட்டர் வித்தியாசத்தைப் பிரித்தறிய, அதைவிடக் குறைவான பிழையுடன் தொலைவை அளக்க வேண்டும். சிக்னல் வலிமையால் அது ஆகாது. அதே நேரத்தில் ஒரே ஒரு நங்கூரத்தை மறுகரைப் பக்கம் 150 மீட்டர் தள்ளி நட்டால், உண்மையான இடம் 110 மீட்டர், பிம்பம் 190 மீட்டர் என்று ஆகிவிடுகிறது. முரட்டு அளவீடே இதைப் பிரித்துவிடும். மறுகரையில் அனல்மின் நிலையப் பக்கம் இறங்க அனுமதி கிடைப்பது கடினம் என்றால், இடையே உள்ள சேற்றுத்திட்டு ஒன்றில் கம்பம் நடுங்கள். எந்தத் திட்டில் கம்பம் நிற்கும், எங்கே வலைக்கு இடைஞ்சலாகி இரண்டாம் நாளே பிடுங்கப்படும் என்பதை அங்கே தொழில் செய்யும் மீனவர்களிடம் கேட்டுவிட்டு நடுவது நல்லது. அவர்கள் படகு இல்லாமல் அந்த வேலை நடக்கவும் நடக்காது.

நங்கூரம் நடுவதற்கு முன்பே, இன்று மாலையே செய்யக்கூடியது ஒன்றும் உண்டு. மிதவை நீரில்தான் இருக்கும். கழிமுகத்தின் நீர்ப்பரப்பை ஒரு பல்கோணமாக வரைந்து, அதற்கு வெளியே விழும் விடைகளை நிரல் ஏற்காதபடி செய்யுங்கள். குடியிருப்புக்கு நடுவே தெரியும் மிதவைகள் இதிலேயே மறைந்துவிடும். ஆயினும் கோட்டுக்கு மிக அருகில் இருக்கும் கணுக்களின் குறுக்குத் தொலைவு இதனால் துல்லியமாகாது. அதற்கு எதிர்ப்பக்க நங்கூரம் வேண்டியதுதான்.

இனி, காலை 100, மாலை 160 என்ற சிக்கலுக்கு வருவோம். சிக்னல் வலிமையிலிருந்து தொலைவைப் பெறும்போது, தொலைவு பத்து மடங்கானால் வலிமை எத்தனை டெசிபெல் குறையும் என்று நாம் ஓர் ஊகம் செய்கிறோம். தடையற்ற வெளியில் 20 டெசிபெல். இதைப் பத்தால் வகுத்து அடுக்கு எண் 2 என்கிறோம். தடைகள் உள்ள இடத்தில் அடுக்கு எண் 3, 4 என்று உயரும். ஒரு மீட்டரில் -45 டெசிபெல்-மில்லிவாட் காட்டும் தொகுதி, ஒரு கணுவிடமிருந்து -85 பெறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுக்கு எண் 2 என்றால் தொலைவு 100 மீட்டர், 2.5 என்றால் 40 மீட்டர். 3 என்றால் 22 மீட்டருக்கும் குறைவு. அளவீடு ஒன்றே, ஊகத்தில் சிறிது அசைந்தாலும் தொலைவு ஐந்து மடங்கு வரை ஆடுகிறது. போதாக்குறைக்கு, இவ்வகைத் தொகுதிகளில் பயன்பட்ட பழைய சில்லுகளில் ஒன்றான சிசி2420-இன் தரவுத்தாளே, வலிமை அளவீட்டில் கூட்டியோ குறைத்தோ 6 டெசிபெல் பிழை இருக்கலாம் என்கிறது.

நீர்ப்பரப்பின் மேல் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. உப்புநீர் நல்ல பிரதிபலிப்பான். ஆகவே அனுப்பும் ஆன்டெனாவிலிருந்து நேராக வரும் அலையும், நீரில் பட்டுத் தெறித்து வரும் அலையும் பெறும் இடத்தில் ஒன்றுசேர்கின்றன. அவற்றின் பாதை வித்தியாசத்தைப் பொறுத்து ஒன்றையொன்று வலுப்படுத்தும் அல்லது தணிக்கும். 100 மீட்டர் இடைவெளியில் இரு கம்பங்களிலும் ஆன்டெனா நீருக்கு ஒன்றரை மீட்டர் மேலே இருந்தால் பாதை வித்தியாசம் 4.5 சென்டிமீட்டர். ஓதம் (கடலின் ஏற்றவற்றம்) ஏறி நீர் அரை மீட்டர் உயர்ந்தால், ஆன்டெனா நீருக்கு ஒரு மீட்டர் மேலே மட்டுமே இருக்கும். பாதை வித்தியாசம் 2 சென்டிமீட்டராகச் சுருங்கும். அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், நீரில் தெறிக்கும் அலை கட்டம் தலைகீழாகித் திரும்பும் என்பவற்றை வைத்துக் கணக்கிட்டால், கிடைக்கும் வலிமை ஐந்து டெசிபெல்லுக்கு மேல் குறைகிறது. அடுக்கு எண் 2.5 என்று வைத்த நிரலில் 5 டெசிபெல் குறைவு என்பது தொலைவில் 1.6 மடங்கு. உங்கள் 100 மீட்டர் 160 ஆவது இப்படித்தான். கம்பம் எங்கும் நகரவில்லை, ஓதம் ஏறியிருக்கிறது.

இதற்கு மருந்து உங்கள் கையிலேயே இருக்கிறது, ஏனெனில் உங்கள் கணுக்கள் அளப்பதே நீர்மட்டத்தைத்தான். ஒவ்வொரு வலிமை அளவீட்டோடும் அந்த நேரத்து நீர்மட்டத்தையும் சேர்த்துச் சேமித்து, ஒரே மட்டத்தில் எடுத்த அளவீடுகளை மட்டும் ஒன்றோடொன்று ஒப்பிடுங்கள். ஒரு பொட்டலத்தின் (ஒரு தடவையில் அனுப்பும் தரவுத் துண்டின்) வலிமையை நம்பாமல், பல பொட்டலங்களின் இடைநிலை மதிப்பை எடுங்கள். முடிந்தால் ஜிக்பீயின் 16 அலைவரிசைகளில் சிலவற்றை மாற்றி மாற்றி அளவெடுங்கள், ஏனெனில் ஓர் அலைவரிசையில் அமுங்கும் இடம் மற்றொன்றில் அமுங்காமல் இருக்கலாம். அத்துடன், மாணவர்கள் கட்டாயம் சரிபார்க்க வேண்டிய ஒரு பொறி உண்டு: ஜிக்பீ வலையில் பொட்டலம் பல கணுக்களைத் தாண்டி வரும்போது, பெறும் தொகுதி சொல்லும் வலிமை கடைசித் தாவலுக்கு, அதாவது கடைசிக் கணுவிலிருந்து வந்த பயணத்துக்கு மட்டுமே உரியது. தொலைவில் உள்ள மிதவையின் செய்தி நடுவில் ஒரு கம்பத்தின் வழியாக வந்திருந்தால், நீங்கள் அளப்பது அந்தக் கம்பத்துக்கான தொலைவையே, மிதவைக்கானதை அல்ல. அளவீட்டுக்கென்று அனுப்பும் பொட்டலங்களை ஒரே தாவலுக்குள் கட்டுப்படுத்தி வையுங்கள்.

டிவி-ஹாப் பற்றி. நிக்குலெஸ்குவும் நாத்தும் 2001-இல் முன்வைத்த இந்த முறை வலிமையை அளப்பதே இல்லை. நங்கூரங்களுக்கிடையே எத்தனை தாவல் என்று எண்ணி, ஒரு தாவலுக்குச் சராசரியாக எத்தனை மீட்டர் என்று கண்டு, அதைத் தாவல் எண்ணிக்கையால் பெருக்கித் தொலைவு என்கிறது. கணுக்கள் வயல் முழுதும் பரவலாக விதைக்கப்பட்ட வலையில் இது ஓரளவுக்கு ஒத்துவரும். உங்கள் இடமோ கொசஸ்தலையாறு மேற்கிலிருந்தும், பக்கிங்ஹாம் கால்வாய் வடக்கு தெற்காகவும் வந்து கூடும் இடம். கால்வாய்க் கிளையில் இருக்கும் கணுவிலிருந்து ஆற்றுக் கிளையில் இருக்கும் கணுவுக்குப் பொட்டலம் மூலையைச் சுற்றித்தான் போகும். பறவை பறக்கும் தொலைவைவிடத் தாவல் கணக்கு மிக அதிகமாக வரும். இந்த முறைக்கு இதைவிடப் பொருந்தாத நிலவமைப்பைத் தேடினாலும் கிடைப்பது அரிது. தாளில் நன்றாக வந்த முடிவுகள் பெரும்பாலும் சதுரப் பரப்பில் தற்செயலாகச் சிதறிய புள்ளிகளுக்கானவை என்பதை மாணவர்களுக்கு நினைவூட்டுங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இனிமேல்தான். கம்பத்தில் கட்டிய 22 கணுக்களும் நகரப் போவதில்லை. நகராத கணுவின் இடத்தை ஒருமுறை அளந்து எழுதிவிட்டால் முடிந்தது. ஒரு நல்ல கைப்பேசி, மேலே வானம் திறந்திருந்தால், ஐந்து மீட்டர் அளவுக்குள் இடத்தைச் சொல்லிவிடும். வெவ்வேறு நேரங்களில் சிலமுறை அளந்து சராசரி எடுத்தால் இன்னும் நம்பலாம். சிக்னல் வலிமை எந்நாளும் தராத துல்லியம் இது, செலவும் இல்லை. ஏற்கெனவே ஜிபிஎஸ் பொருத்திய ஐந்து கம்பங்களிலிருந்துகூட அவற்றைக் கழற்றிவிடலாம்; அங்கே அவை நகராத ஒரு புள்ளியைத் திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருக்கின்றன.

மிதவைகளின் கதையும் ஏறத்தாழ இதுவே. நீரின் ஆழம் 2 மீட்டர், கயிற்றின் நீளம் 5 மீட்டர் என்றால், அடியில் போட்ட கல்லிலிருந்து மிதவை கிடைமட்டமாக 4.6 மீட்டருக்கு மேல் விலக முடியாது. கல் போட்ட இடத்தைப் படகிலிருந்தே கைப்பேசியில் குறித்துவிட்டால், கயிறு அறாத வரை மிதவையின் இடம் உங்களுக்குத் தெரிந்ததுதான். எனவே ‘மிதவை எங்கே’ என்ற கேள்வியை விட்டுவிட்டு, ‘கயிறு அறுந்ததா’ என்று கேளுங்கள். அதற்குக் கழற்றிய ஐந்தோடு இன்னும் மூன்று ஜிபிஎஸ் வாங்கி எட்டு மிதவைகளிலும் பொருத்தினால் போதும். அவற்றை எப்போதும் இயங்கவிட வேண்டாம்.

மின்கலம் தாங்காது என்ற உங்கள் அச்சம், தொடர்ந்து இயங்கும் ஜிபிஎஸ்ஸுக்கு நியாயமானது. 30 மில்லியாம்பியர் எடுக்கும் ஜிபிஎஸ் ஏற்பி நாள் முழுதும் ஓடினால் 720 மில்லியாம்பியர்-மணி. 2000 கொள்ளளவுள்ள மின்கலம் மூன்று நாள்கூட வராது. ஆனால் நாளுக்கு ஒருமுறை மட்டும் எழுப்பினால் கணக்கே வேறு. செயற்கைக்கோளின் பாதை விவரம் 30 நொடிக்கு ஒருமுறை மறுபடி ஒலிபரப்பாவதால், நீண்ட நேரம் உறங்கிய ஏற்பிக்கு இடம் காண அரை நிமிடத்துக்குச் சற்று மேல் பிடிக்கும். 40 நொடி என்று வைத்தாலும் அது ஒரு மில்லியாம்பியர்-மணியில் மூன்றில் ஒரு பங்குதான், மாதத்துக்கு 10. ஜிக்பீ தொகுதி அதைவிட அதிகம் செலவழிக்கும். அன்றாட விழிப்போடு, வழக்கமாகக் கேட்கும் அண்டைக் கணுக்களின் குரல் திடீரென்று மறைந்தால் உடனே எழ வேண்டும் என்ற விதியையும் சேர்த்துவிடுங்கள். சிக்னல் வலிமைக்கு இங்கே நல்ல வேலை கிடைக்கிறது: தொலைவைச் சொல்ல அது லாயக்கில்லை, ஆனால் ஏதோ மாறிவிட்டது என்று சொல்ல லாயக்கானது.

வலிமையைக் கொண்டு இடம் காணும் முறைகளே வீண் என்று நான் சொல்லவில்லை. வானம் தெரியாத இடங்களில், கிடங்குகளுக்குள், மணலிப் பக்கத்துச் சரக்குப் பெட்டக முற்றங்களில் இரும்புச் சுவர்களுக்கு நடுவே, வேறு வழி தேடத்தான் வேண்டும்; அங்கேயும் வலிமையைவிட, ரேடியோ துடிப்பு போய்வரும் நேரத்தை அளக்கும் மீயகல அலைவரிசைத் தொகுதிகளையே நான் பரிந்துரைப்பேன். நேர்ப்பார்வை கிடைக்கும்போது அவை தொலைவைச் சில பத்து சென்டிமீட்டருக்குள் தருகின்றன. திறந்த கழிமுகத்துக்கு அவை தேவையில்லை.

இடங்களைக் கோப்பில் எழுதும்போது இரண்டு கவனங்கள். பாகையைத் தசமத்துக்குப் பின் நான்கு இலக்கத்தோடு நிறுத்தினால் 11 மீட்டர் வரை தெளிவு போய்விடும். ஐந்து அல்லது ஆறு இலக்கங்கள் எழுதுங்கள். அடுத்து, ஜிபிஎஸ் தொகுதிகள் அனுப்பும் என்எம்இஏ வரியில் 1313.2000 என்று இருந்தால் அது 13 பாகை 13.2 கலை (ஒரு பாகைக்கு 60 கலை), அதாவது 13.22 பாகை, நூறால் வகுத்த 13.132 அல்ல. தீர்க்கரேகையையும் அப்படியே வகுத்துவிட்டால், எண்ணூரில் கட்டிய மிதவை ஏறத்தாழ 17 கிலோமீட்டர் தள்ளிப் புழல் பக்கம் போய்விடும். இந்த முறை வீடுகளுக்கு நடுவே தெரிந்தால் நங்கூரங்களைச் சந்தேகிக்கும் முன் அந்த வரியைப் பாருங்கள்.

மாணவர்களின் செயல்திட்டம் வெறும் கைப்பேசி அளவீடாகச் சுருங்கிவிடுமே என்று நீங்கள் கவலைப்படலாம். அளந்து எழுதிய 22 இடங்களும் இப்போது உங்களிடம் உண்மை விடைகளாக இருக்கும். நீர்மட்டம் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டர் ஏறும்போதும் வலிமை சொல்லும் தொலைவு உண்மைத் தொலைவிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்பதை அவர்கள் வரைந்து காட்டட்டும். அடுக்கு எண்ணை நீர்மட்டத்தோடு சேர்த்து மாற்றும் ஒரு திருத்தத்தையும் முயன்று பார்க்கட்டும். உவர்நீர்ப் பரப்புகளில் வலை நிறுவப்போகும் அடுத்த குழுவுக்கு அந்த வரைபடம், இன்னொரு டிவி-ஹாப் ஒப்பீட்டைவிடப் பயன்படும்.