கேரவன் ஃபிரிட்ஜ் வழியில் குளிரவில்லையா? 10-ஆம் பின்னைப் பாருங்கள்

கேள்வி: பிரிட்டனில் லெஸ்டரில் இருக்கிறோம். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் வீடு போன்ற கேரவன் ஒன்றை, 2014-இல் தயாரானதை, பழையதாக வாங்கினோம். காரில் முந்தைய உரிமையாளர் போட்ட டோபாரும் (கேரவனை மாட்டும் கொக்கி), கேரவனுக்குக் கரண்ட் தரும் 13 பின் சாக்கெட்டும் இருந்தன. முதல் பயணமாகக் கார்ன்வால் போய்ச் சேர்ந்தபோது மீன் உருகி, தோசை மாவு பொங்கி வழிந்திருந்தது. கேரவன் பேட்டரியும் வழியில் சார்ஜ் ஏறவில்லை. ஆனால் வீட்டு மின்சாரத்தில் ஃபிரிட்ஜ் நன்றாகக் குளிர்கிறது. கேரவனின் பின்விளக்கு, இண்டிகேட்டர் எல்லாம் எரிகின்றன. ஃபிரிட்ஜ், பேட்டரி இரண்டையும் மாற்றச் சொல்கிறார் விற்றவர். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரு பைசாகூடச் செலவழிக்காதீர்கள். இரண்டும் ஒரே பயணத்தில் சேர்ந்து வேலை செய்யவில்லை என்பதிலேயே பதில் இருக்கிறது. பழுது பெரும்பாலும் உங்கள் கார் சாக்கெட்டில்தான்.

அந்த 13 பின்களில் முதல் எட்டும் விளக்குகளுக்கானவை. மிச்சத்தில் நான்குதான் உங்கள் விஷயம். 9-ஆம் பின்னில் கார் நின்றாலும் ஓடினாலும் 12 வோல்ட் இருக்கும். 10-இல் எஞ்சின் ஓடும்போது மட்டும் கரண்ட் வரும். ஃபிரிட்ஜ் ஓடுவது இதில்தான். 11-உம் 13-உம் இவற்றுக்கான எர்த், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் வழி. கேரவனுக்குள் ஒரு ரிலே, அதாவது கரண்ட் வந்தால் தானே மாறும் சுவிட்ச், இருக்கிறது. 10-இல் கரண்ட் வந்ததும் அது மாறி, 9-இல் வருவதைக் கேரவன் பேட்டரிக்குத் திருப்பிவிடும். ஆகவே 10 செத்தால் ஃபிரிட்ஜும் இல்லை, சார்ஜும் இல்லை.

இதைச் சோதிக்க வோல்ட் அளக்கும் மீட்டர்கூட வேண்டாம். கேரவனைக் காரில் மாட்டுங்கள். வீட்டு மின்சார இணைப்பு இருந்தால் கழற்றிவிடுங்கள். கேரவனுக்குள் ஒரு விளக்கைப் போட்டுவிட்டு, வீட்டில் ஒருவரை எஞ்சினை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பெரும்பாலான பிரிட்டிஷ் கேரவன்களில் அந்த விளக்கு உடனே அணைய வேண்டும். ரிலே மாறியதற்கு அதுவே அடையாளம். எஞ்சின் ஓடியும் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் 10-ஆம் பின்னில் கரண்ட் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் வரவில்லை? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. விளம்பரத்தில் "13 பின் வயரிங்" என்று போடுவார்கள். சாக்கெட்டில் 13 துளை இருக்கும், பின்னால் எட்டு வயர்தான் இருக்கும். 9, 10-க்கான வயர்களைப் பல கம்பெனிகள் தனிப் பெட்டியில், தனி விலைக்கு விற்கின்றன. டோபார் போடுகிறவர் அதை வாங்காமல் விட்டுவிடுகிறார். வாடிக்கையாளரும் விளக்கு எரிவதைப் பார்த்துப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார். பழைய 7 பின் சாக்கெட்டில் அடாப்டர் மாட்டி "13 ஆகிவிட்டது" என்று கொடுப்பவர்களும் உண்டு. அடாப்டர் விளக்கை மட்டும்தான் கடத்தும், ஃபிரிட்ஜுக்கு ஒன்றும் தராது. சாக்கெட்டின் பின்பக்கத்தைத் திறந்து 9, 10, 11, 13 எண்களுக்கு நேரே வயர் இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். எண்கள் பிளாஸ்டிக்கிலேயே அச்சாகியிருக்கும்.

அரசாங்கமும் இதைக் கண்டுகொள்வதில்லை. 1998 ஆகஸ்டுக்குப் பிறகு வந்த காருக்கு டோபார் அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஆண்டுதோறும் நடக்கும் எம்.ஓ.டி. சோதனையில் சாக்கெட்டில் கருவி மாட்டிப் பார்க்கிறார்கள், அதுவும் விளக்குக்கு மட்டும். 12 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் வயரை யார், எப்படிப் போட்டார் என்று யாரும் கேட்பதில்லை. 2021 டிசம்பரிலிருந்து சாதாரண கார் லைசென்ஸிலேயே பெரிய கேரவனையும் இழுக்கலாம் என்று விதியைத் தளர்த்திவிட்டார்கள். புதிதாக இழுக்க வருகிறவர்களிடம் இந்த நான்கு பின்களைப் பற்றி யார் சொல்வது?

வயரின் தடிமனும் முக்கியம். கேரவன் ஃபிரிட்ஜில் 12 வோல்ட்டில் வேலை செய்வது ஒரு ஹீட்டர். சூட்டை வைத்துக் குளிரவைக்கும் முறை அது. வோல்ட் கொஞ்சம் குறைந்தாலும் சூடு அதைவிட அதிகமாகக் குறையும். 12 வோல்ட்டில் 150 வாட் தருவது 10.5 வோல்ட்டில் 115 வாட்தான் தரும். கார் பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜ் வரை பத்துப் பன்னிரண்டு மீட்டர், திரும்பி வர அதே அளவு. எனவே இந்தப் பின்களுக்கு 2.5 சதுர மில்லிமீட்டருக்குக் குறைந்த வயர் கூடாது. டிக்கியில் இருக்கும் 12 வோல்ட் சாக்கெட்டிலிருந்து ஒரு வயரை இழுத்து, நீல பிளாஸ்டிக் கிளிப்பால் கடிக்கவைத்துக் கொடுத்த வேலையைப் பார்த்திருக்கிறேன். கிளிப் உருகிப் பழுப்பாகியிருந்தது. அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் அந்தக் காரில் கேரவனை இழுக்கவே வேண்டாம். பேட்டரியிலிருந்து நேராக, ஒவ்வொரு வயருக்கும் தனி ஃபியூஸோடுதான் வர வேண்டும்.

ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படாதீர்கள். காருக்கென்றே தயாரான வயரிங் கிட் போட்ட புதிய கார்கள் பலவற்றில், பின்னால் கேரவன் மாட்டியிருப்பதைக் காரின் கம்ப்யூட்டர் உணர்ந்தால்தான் 10-இல் கரண்ட் விடும். வெறும் சாக்கெட்டில் மல்டிமீட்டர் முனையை வைத்தால் பூஜ்யம் காட்டும். அதைப் பார்த்து "வயரிங்கே இல்லை" என்று முடிவுகட்டி, நல்ல கிட்டைப் பிடுங்கிவிட்டு, எல்லாக் காருக்கும் பொருந்தும் மலிவான ரிலேயை மாட்டிப் பணம் வாங்கியவர்கள் உண்டு. அதனால்தான் கேரவனை மாட்டியே சோதிக்கச் சொன்னேன். மீட்டர் வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால், கேரவன் மாட்டியிருக்க, எஞ்சின் ஓட, ஃபிரிட்ஜ் 12 வோல்ட்டில் இருக்க, ஃபிரிட்ஜின் பின்னால் வயர் சேரும் இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். அங்கே 12-ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. 11-க்குக் கீழே போனால் வயரிலோ இணைப்பிலோ கோளாறு. வயர் சரியாக இருந்தும் வோல்ட் ஏறி இறங்கினால், எரிபொருளை மிச்சம்பிடிக்க, எஞ்சினில் கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரே வோல்ட்டைக் குறைக்கும் ரகக் காராக இருக்கலாம். அதற்கென்று தனிச் சார்ஜர் வாங்கிப் போட வேண்டும்.

வேலைக்குக் கொடுக்கும்போது "டோபார் வயரிங் சரிசெய்ய" என்று பொதுவாக எழுதிக் கொடுக்காதீர்கள். "9, 10, 11, 13 பின்கள், 2.5 சதுர மி.மீ. வயர், தனி ஃபியூஸ்கள், கேரவன் மாட்டிச் சோதித்துக் காட்டுதல்" என்று பில்லில் எழுதி வாங்குங்கள். எழுத மறுப்பவரிடம் சாவியைக் கொடுக்காதீர்கள். உங்கள் கேரவனையும் இழுத்துக்கொண்டு போங்கள், அது இல்லாமல் கடைசிச் சோதனை நடக்காது.

சரியான பிறகும் இந்த 12 வோல்ட்டிடம் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. குளிர்ந்த ஃபிரிட்ஜைக் குளிராகவே வைத்திருக்கும், அவ்வளவுதான். புறப்படுவதற்கு முந்தைய இரவே வீட்டு மின்சாரத்தில் ஓடவிட்டு, குளிர்ந்த பொருட்களை மட்டும் அடுக்குங்கள். பேட்டரியையும் அன்றே முழுக்கச் சார்ஜ் செய்யுங்கள், காலியானதை நான்கு மணி நேரப் பயணம் நிரப்பாது. இடையில் சாப்பிட நிறுத்தினால் ஒரு மணி நேரம் ஃபிரிட்ஜ் கதவைத் திறக்காமல் விடுங்கள், குளிர் தாங்கும். இந்த ஃபிரிட்ஜ் கேஸ் சுடரிலும் ஓடும், ஆனால் குளிரவில்லையே என்று வண்டி ஓடும்போது அதைக் கேஸில் போட்டுவிடாதீர்கள். எரியும் சுடரோடு பெட்ரோல் பங்குக்குள் நுழைந்துவிடுவீர்கள்.