மொட்டைமாடிக்கு ஷீட் கூரை போடும் ஒப்பந்ததாரரை அமர்த்துவதற்கு முன் அவரைப் பற்றி எப்படி விசாரிப்பது?

காட்பாடியில் உள்ள உங்கள் தந்தையாரின் வீட்டு மொட்டைமாடியில் ஷீட் கூரை போட விரும்புவதாகவும், இராணிப்பேட்டையிலிருந்து வந்து பார்த்த ஒப்பந்ததாரர் கைப்பேசியில் சில படங்களை மட்டும் காட்டிவிட்டு மொத்தத் தொகையில் 60 விழுக்காட்டை முன்பணமாகக் கேட்பதாகவும், அவரை நம்பலாமா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்றும் கேட்டிருக்கிறீர்கள். சத்துவாச்சாரியில் என் வீட்டுக்கு இதே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டி வந்தது. முதல்முறை எதையும் விசாரிக்காமல் பணம் கொடுத்தேன்; இரண்டாம்முறை ஒரு மாதம் அலைந்து விசாரித்த பிறகே கொடுத்தேன்.

முதல்முறை போட்ட கூரை ஒரு மழைக்காலத்தைத் தாண்டியது. அடுத்த கத்திரி வெயிலின்போது ஒரு மாலை, மழைக்கு முன்னால் அடிக்கும் அந்தப் பேய்க்காற்றில் ஓரத்தில் இருந்த இரண்டு ஷீட்டுகள் பிய்த்துக்கொண்டு தெருவில் போய் விழுந்தன. பக்கத்து வீட்டுக் குழந்தைகள் அப்போதுதான் உள்ளே போயிருந்தார்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒப்பந்ததாரரின் எண் மறுநாளிலிருந்து அணைந்தே கிடந்தது. வேலை செய்த வெல்டரைத் தேடிப் பிடித்தபோதுதான், அவர் அந்த நிறுவனத்து ஆளே இல்லை என்பதும், நாள்கூலிக்கு வந்தவர் என்பதும், கையில் கொடுத்த ஸ்க்ரூக்கள் போதாததால் ஓரங்களில் ஒன்று விட்டு ஒன்றாக அடித்திருந்தார் என்பதும் தெரிந்தன. நான்கு பக்கமும் திறந்த கூரையில் காற்று அடியிலிருந்து தூக்கும், மேலிருந்தும் இழுக்கும். அந்த இழுப்பு ஓரங்களிலும் மூலைகளிலும்தான் மிக அதிகம். ஸ்க்ரூ நெருக்கமாக இருக்க வேண்டிய இடத்திலேயே அது குறைந்திருந்தது.

முதலில் ஆவணங்களைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அது அரை மணி நேர வேலை. பொதுப்பணித்துறையில் பதிவு பெற்ற ஒப்பந்ததாரர் என்று ஒருவர் சொன்னால், அது அரசு வேலைகளை எடுப்பதற்கான பதிவு. உங்கள் வீட்டுக் கூரையை அவர் ஒழுங்காகப் போடுவார் என்பதற்கு அது சான்று ஆகாது. சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் சான்றிதழ் 2020 ஜூலை முதல் வழங்கப்படுகிறது. தொழில் நடத்துபவர் தாமே விவரங்களைத் தெரிவித்துப் பெறுவது என்பதால், வேலையின் தரத்தைப் பற்றி அதில் ஒன்றும் இருக்காது. உண்மையில் பயன்படுவது ஜி.எஸ்.டி. எண்தான். அதில் எண்களும் ஆங்கில எழுத்துகளுமாக 15 இடங்கள் இருக்கும். தமிழ்நாட்டில் பதிவு செய்தது என்றால் 33 என்று தொடங்கும், அடுத்த பத்தும் அவருடைய பான் எண். அரசின் ஜி.எஸ்.டி. தளத்தில் அந்த எண்ணைப் போட்டால் சட்டப்படியான பெயர், கடைப்பெயர், பதிவான தேதி, பதிவு நடப்பில் இருக்கிறதா அல்லது நீக்கப்பட்டுவிட்டதா என்பதெல்லாம் கட்டணமின்றித் தெரியும். இருபது ஆண்டு அனுபவம் என்று சொல்பவரின் பதிவு சென்ற ஆண்டுதான் தொடங்கியிருந்தால் காரணத்தைக் கேளுங்கள். சிறிய பட்டறைக்காரர்களின் ஆண்டு வரவு வரம்புக்குள் இருந்தால் பதிவே இல்லாமல் இருக்கலாம். அது குற்றம் ஆகாது. ஆனால் பதிவு இல்லாதவர் ரசீதில் 18 விழுக்காடு வரி என்று எழுதி வாங்கக்கூடாது. எனக்கு முதலில் வேலை செய்தவர் அப்படித்தான் வாங்கியிருந்தார். பின்னர் தேடியபோது அவருடைய பதிவு எப்போதோ நீக்கப்பட்டிருந்தது.

நீதிமன்ற வழக்குகளைக் காட்டும் ஈகோர்ட்ஸ் தளத்தில் மாவட்டத்தையும் நீதிமன்ற வளாகத்தையும் தேர்ந்து, வழக்கின் தரப்பினராக அவர் பெயரையும் ஆண்டையும் கொடுத்து அவர் மீது வழக்கு இருக்கிறதா என்று தேடலாம். வேலூர், இராணிப்பேட்டை இரண்டிலும் பாருங்கள். ஒரே பெயரில் பலர் இருப்பார்கள் என்பதால், தந்தை பெயரும் முகவரியும் பொருந்தாமல் யார் மீதும் பழி போட வேண்டாம்.

இனி, ஒருவரை அமர்த்துவதா வேண்டாமா என்பதை உண்மையாகவே முடிவு செய்கிற இடத்துக்கு வருகிறேன். அவர் போட்ட பழைய கூரையின் அடியில் நீங்கள் நேரில் போய் நிற்க வேண்டும். சென்ற மாதம் முடித்த வேலை வேண்டாம், ஏனென்றால் புதிய ஷீட் யார் போட்டாலும் பளபளப்பாகத்தான் இருக்கும். இரண்டு ஐப்பசி மழையையும் இரண்டு கோடைக் காற்றையும் பார்த்துவிட்ட வேலையாகக் கேளுங்கள். மூன்று முகவரிகளாவது கேளுங்கள். படம் மட்டும் காட்டுபவரிடம், இந்த வீடு எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டாலே பாதி தெரிந்துவிடும்.

நான் இரண்டாம்முறை விருதம்பட்டிலும் பாகாயத்திலும் காகிதப்பட்டறையிலும் ஏறிப் பார்த்தேன். ஸ்க்ரூவைச் சுற்றி ஷீட்டின் மேல் மிளகளவு ஆரஞ்சுப் புள்ளிகள் சிதறியிருந்தால், துளையிட்டபோது தெறித்த இரும்புத்தூளை அன்றே கூட்டிப் பெருக்காமல் போயிருக்கிறார்கள் என்று பொருள். அந்தத் தூள் துருப்பிடித்துப் பூச்சையும் கெடுக்கும். ஷீட்டை வெட்டிய விளிம்பு கருகியிருந்தால், கிரைண்டரால் அறுத்து மேல்பூச்சை எரித்திருக்கிறார்கள். ஸ்க்ரூவின் கீழே இருக்கும் கறுப்பு ரப்பர் வாஷர் நசுங்கிப் பிதுங்கியும் இருக்கக்கூடாது, விரலால் சுழற்றும்படித் தளர்ந்தும் இருக்கக்கூடாது. பைப்புகளின் வெல்டிங் மூட்டில் பெயின்ட் உரிந்து துரு வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். தூண் நிற்கும் தகட்டைச் சுற்றித் தளத்தில் ஈரக்கறை இருக்கிறதா என்றும், கீழே அறையில் அதே இடத்தில் சுவர் பூத்திருக்கிறதா என்றும் வீட்டுக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். கூரை ஒழுகாமல் இருந்தும், தூணைத் தளத்தோடு பிணைக்கும் ஆங்கர் போல்ட்டுக்காகத் தட்டோட்டைத் துளைத்துச் சரியாக அடைக்காததால் தளம் ஒழுகத் தொடங்கிய ஒரு வீட்டை நான் பார்த்தேன்.

காகிதப்பட்டறை வீட்டில் இருந்த வயதான அம்மாவிடம், கூரை ஒழுகியதா என்று கேட்டேன். "ஒழுகலேன்னு பொய் சொல்லமாட்டேன் தம்பி. மொத மழையில ஒரு மூலையில சொட்டுச்சு. போன் பண்ணேன், மறுநாள் காலையிலயே ஆளோட வந்து வாஷரை மாத்திட்டுப் போனாரு. காசு கேக்கல" என்றார். நான் அந்த ஒப்பந்ததாரரை முடிவு செய்தது அந்த வாசலில்தான். எல்லாம் அருமை என்று சொல்பவரைவிட, ஒரு குறையைச் சொல்லி அது எப்படித் தீர்ந்தது என்றும் சொல்பவரின் வார்த்தை எனக்குப் பெரிதாகப் பட்டது. ஆகவே பழைய வாடிக்கையாளரிடம் வேலை நன்றாக இருக்கிறதா என்று மட்டும் கேட்காமல், மறுபடி கூப்பிட்டபோது வந்தாரா, எத்தனை நாளில் வந்தார் என்று கேளுங்கள்.

அடுத்தது, மேலே ஏறப்போகிறவர் யார் என்பது. நம் பக்கத்தில் பெரும்பாலும் விலை பேசுபவர் ஒருவராகவும் வெல்டிங் செய்பவர் வேறொருவராகவும் இருப்பார்கள். பழைய வேலையைச் செய்த அதே ஆட்கள் உங்கள் வீட்டுக்கும் வருவார்களா என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அவர்கள் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தின் அட்டை வைத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். விபத்து நேர்ந்தால் அந்தக் குடும்பத்துக்கு வாரியத்தின் உதவி கிடைக்க அந்தப் பதிவு துணையாக இருக்கும். உயரத்தில் கட்டும் பெல்ட்டை ஒப்பந்ததாரர் கொண்டுவருகிறாரா, வீட்டை ஒட்டி மின்கம்பி போனால் மின்வாரியத்தில் சொல்லி நிறுத்திவிட்டுத்தான் பைப்பை மேலே ஏற்றுவாரா என்பதை அவர் பதில் சொல்லும் விதத்திலேயே புரிந்துகொள்ளலாம். தம் ஆளின் உயிரை அலட்சியமாக நினைப்பவர் உங்கள் ஸ்க்ரூவை எண்ணிப் போடுவார் என்று நான் நம்பமாட்டேன்.

கொட்டேஷனில் "நல்ல கம்பெனி ஷீட், சதுர அடிக்கு இவ்வளவு" என்று எழுதுவது போதாது. ஷீட்டின் பிராண்டு, தடிமன், பூச்சின் அளவு, பைப்பின் அளவும் தடிமனும், ஸ்க்ரூவின் வகை ஆகியவை எழுத்தில் இருக்க வேண்டும். 0.50 மி.மீ. என்பது பூச்சையும் சேர்த்த தடிமனா, வெறும் இரும்பின் தடிமனா என்று கேளுங்கள். இந்த வேறுபாட்டை விளக்கத் தெரியாதவர் பொருள் தெரியாமல் வாங்குகிறார், அல்லது தெரிந்தே மறைக்கிறார். ஷீட் வந்து இறங்கியதும் அடிப்பக்கத்தில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு ஒன்றை எடைபோடுங்கள். நான்கடி அகலச் சுருளிலிருந்து உருட்டிய பத்தடி ஷீட், பூச்சோடு 0.50 மி.மீ. என்றால் சுமார் 14 கிலோ இருக்கும், 0.40 என்றால் 11 கிலோவை ஒட்டி வரும். மளிகைக்கடைத் தராசே போதும்.

உங்கள் கேள்வியில் இருந்த 60 விழுக்காட்டைத் தர வேண்டாம். நான் இரண்டாம்முறை 20 விழுக்காட்டை முன்பணமாகவும், ஷீட்டும் பைப்பும் வீட்டில் இறங்கிச் சரிபார்த்த பிறகு 50 விழுக்காட்டையும், வேலை முடிந்ததும் 20 விழுக்காட்டையும் கொடுத்து, மீதி 10 விழுக்காட்டை முதல் பெருமழைக்குப் பிறகு தருவதாக எழுதிக் கையெழுத்து வாங்கினேன். எல்லாவற்றையும் வங்கி வழியாகவே அனுப்புங்கள். பிரச்சினை வந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக அந்தப் பதிவுகள் வேண்டும். 2019-இல் இராணிப்பேட்டை தனி மாவட்டமாகிவிட்டது என்றாலும், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் இல்லை, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுத்துவிட வேண்டும்.

அந்த 10 விழுக்காட்டைப் பற்றிச் சொன்னபோது நான் இரண்டாம்முறை அமர்த்திய ஒப்பந்ததாரர் முகம் சுளிக்கவில்லை. ஐப்பசியில் மழை விட்ட மறுநாள் நான் கூப்பிடுவதற்கு முன்பே வந்து, ஏணி வைத்து ஏறி, மூலை மூலையாகக் கையால் தடவிப் பார்த்துவிட்டு இறங்கினார். பணத்தை அன்றே அனுப்பினேன். உங்கள் இராணிப்பேட்டைக்காரரிடம் நாளைக்கே மூன்று பழைய முகவரிகளைக் கேளுங்கள். கொடுத்தால் போய்ப் பாருங்கள், தட்டிக்கழித்தால் வேறு ஆளைத் தேடுங்கள்.