கோத்தா குண்டுவீச்சு விமானம்: கேள்வி பதில்

கேள்வி: முதல் உலகப் போரில் லண்டன் மீது குண்டு போட்டது செப்பலின் ஆகாயக் கப்பல்கள்தானே? கோத்தா எப்போது வந்தது?

பதில்: செப்பலின்கள் 1915-லேயே வந்துவிட்டன. ஆனால் உள்ளே இருப்பது ஹைட்ரஜன். தீப்பற்ற வைக்கும் தோட்டாக்களால் ஆங்கிலேயர் 1916-ல் அவற்றைச் சுட்டு வீழ்த்த ஆரம்பித்ததும், ஜெர்மனி விமானத்தை நம்பத் தொடங்கியது. கோத்தா நகரில் இரயில் பெட்டி செய்துகொண்டிருந்த ஆலையில் உருவானதுதான் ஜி-4 என்ற கோத்தா விமானம். 23.7 மீட்டர் அகலத்துக்கு இரட்டை இறக்கை, 260 குதிரைத்திறனில் இரண்டு மெர்சிடிஸ் இன்ஜின், உள்ளே மூன்று பேர். பெல்ஜியத்தின் கென்ட் நகரைச் சுற்றியிருந்த தளங்களிலிருந்து 1917 மே முதல் இங்கிலாந்துக்குப் பறந்தது.

கேள்வி: பட்டப்பகலில் லண்டன் வரை வந்ததாமே, யாரும் தடுக்கவில்லையா?

பதில்: தடுக்கப் போனார்கள். 1917 ஜூன் 13 அன்று 90-க்கும் மேற்பட்ட பிரிட்டிஷ் விமானங்கள் கிளம்பின. கோத்தா பறந்த உயரத்துக்கு அவை ஏறிச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஒரு கோத்தாகூட விழவில்லை. கீழே 162 பேர் இறந்தார்கள். லண்டனின் பாப்லர் பகுதிப் பள்ளி ஒன்றில் மட்டும் 18 குழந்தைகள், பெரும்பாலும் ஐந்து வயதுக்காரர்கள். இந்த விமானத்தைப் பற்றிப் பேசும்போது அவர்களைச் சொல்லாமல் என்னால் கடக்க முடியாது.

கேள்வி: வாலுக்குக் கீழே புகுந்து சுட்டிருக்கலாமே?

பதில்: மற்ற விமானங்களிடம் அது பலித்திருக்கும். கோத்தாவில் பின்பக்கத் துப்பாக்கிக்காரர் உடற்பகுதிக்குள்ளேயே குடைந்த ஒரு சுரங்கம் வழியாகக் கீழ்நோக்கிச் சுடுவார். அந்தப் பக்கமும் அடைபட்டிருந்தது.

கேள்வி: அப்புறம் எப்படித்தான் அடக்கினார்கள்?

பதில்: லண்டனின் பாதுகாப்பு பலப்பட்டதும் ஜெர்மானியர் செப்டம்பரிலிருந்து இரவுத் தாக்குதலுக்கு மாறினார்கள். கோத்தாவைத் தின்றது அதிகமும் தரையிறக்கம்தான். எதிரியிடம் இழந்தது 24. விபத்தில் போனது 35-க்கும் மேல். குண்டும் பெட்ரோலும் தீர்ந்த பிறகு எடையின் சமநிலை மாறி, விமானம் கைக்கு அடங்காது. ஜி-4-ல் பெட்ரோல் டேங்க் இன்ஜின் கூட்டுக்குள்ளேயே இருந்ததால், மோதி இறங்கினால் சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் கொட்டித் தீப்பிடிக்கும். அடுத்த மாதிரியான ஜி-5-ல் டேங்கை உடற்பகுதிக்கு மாற்றினார்கள். லண்டன் மீது கடைசித் தாக்குதல் 1918 மே 19 இரவு.

கேள்வி: பிரிட்டனில் இதனால் என்ன மாறியது?

பதில்: தரைப்படைக்கும் கடற்படைக்கும் தனித்தனியே இருந்த விமானப் பிரிவுகளை ஒன்றாக்கச் சொல்லி, பிரிட்டிஷ் போர் அமைச்சரவையில் இருந்த தென்னாப்பிரிக்கத் தளபதி ஸ்மட்ஸ் 1917 ஆகஸ்டில் அறிக்கை கொடுத்தார். 1918 ஏப்ரல் 1-ல் பிரிட்டனின் தனி விமானப்படையான ராயல் ஏர் ஃபோர்ஸ் பிறந்தது.